லப்டொப்பில் இடம் போதவில்லை

கொம்பியூட்டர் என்ற சாமானை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. கந்தோரில் அதற்கு முன்னால் இருந்துதான் இவ்வளவு காலமும் சம்பளம் வாங்குகிறேன், அது வேறு விஷயம். கடிதம் அடிப்பேன், அச்சில் எடுப்பேன், நிறுத்திவிட்டு எங்கள் ஊரான தாழ்வுபாட்டுக்கு மோட்டார் சைக்கிளை விடுவேன். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதுமில்லை, அது எனக்குச் சொன்னதுமில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சங்கதிகள் தெரிந்தவள் என் மனைவி.

அவள் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. மன்னார்த் தீவிலிருந்து பாலம் கடந்து போய் வங்காலைப் பக்கத்தில் படிப்பித்தாள். கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, வெளிநாட்டிலிருக்கும் அவளுடைய தம்பி ஒரு லப்டொப் அனுப்பினான். மெல்லியது, பார்க்க வடிவானது. உள்ளே இடம் குறைவு என்பது வாங்கியவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சுவரில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் நின்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, வீடியோவாக்கித் தாய்தகப்பன்மாரின் போன்களுக்கு அனுப்புவாள். அந்த நேரம் பார்த்து வாசலுக்கு மீன் வந்தால் நான் வாய் திறக்கக்கூடாது, சத்தம் பதிந்துவிடும். மீன்காரரும் நானும் ஊமைப் பாஷையில் பேரம் பேசியிருக்கிறோம்.

பிறகு அவளுடைய நாக்கில் ஒரு புண் வந்தது. வெற்றிலையைத் தொட்டும் பார்க்காதவள். எங்கள் கரையில் நாள் முழுக்க வெற்றிலையும் புகையிலையுமாகக் கொடுப்புக்குள் அடக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாம் கல்லுக் குண்டாக நிற்க, புண் அவளுக்கு வந்தது. கொழும்புக்குக் கொண்டுபோனோம். நாக்கில் பெரும் பங்கை வெட்டி எடுத்தார்கள், கதிர் பிடித்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஆளைத் திருப்பிக் கொண்டுவந்தேன், பேச்சு வரவில்லை. வாயைத் திறந்தால் ஒரு சத்தம் வரும். அதைப் பிறர் கேட்பதை அவள் விரும்பவில்லை. மருந்தினால் விரல் நுனிகள் மரத்துப்போனதால் பேனை பிடித்தால் எழுத்துக் கோணிக்கொண்டு போகும், போனின் குட்டி எழுத்துகளில் விரல் தவறித் தவறி விழும். லப்டொப்பின் விசைகள் மட்டும்தான் அவளுடைய விரலுக்கு அகப்பட்டன.

பிரான்சில் கலியாணம் முடித்திருக்கும் எங்கள் மகள் யாரிடமோ கேட்டு, எழுதியதைச் சத்தமாக வாசிக்கும் செயலி ஒன்றைக் கண்டுபிடித்தாள். தாய் எழுதுவாள், லப்டொப்புக்குள் இருந்து ஒரு பெண் வாசிப்பாள். அந்தப் பெண் இந்தியாக்காரி. எங்கள் தமிழ் அவளுடைய வாயில் நுழையாது. ‘வாறன்’ என்று எழுதினால் ஏதோ ஊரின் பெயரைச் சொல்வதுபோல வாசிப்பாள். ஆகவே என் மனைவி ‘வருகிறேன்’ என்று எழுதத் தொடங்கினாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து ‘இஞ்சரப்பா’ என்று என்னைக் கூப்பிட்டவள், குசினிக்குள் இருந்து “சாப்பிட வாருங்கள், ஆறிவிடும்” என்று செய்தி வாசிக்கிற மாதிரிக் கூப்பிட்டாள். ஒருநாள் நான் மருந்து எடுக்க மறந்து வந்ததற்கு, “உங்களுக்கு மூளை என்பது அறவே கிடையாதா?” என்று அந்தப் பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வருத்தத்துக்குள் நாங்கள் சிரித்தது அந்தப் பெண்ணால்தான்.

அடுத்த வருடம் கழுத்தில் கட்டி கிளம்பியது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றாள்.

எங்கள் பக்கத்தில் மாதத்தின் முதல் வெள்ளியில் பங்குச் சுவாமி, நோயில் கிடக்கும் வருத்தக்காரரின் வீடுகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டு வருவார். பேச்சுப் போன பிறகு அவள் தலையைக் குனிந்து நெஞ்சில் தட்டிக்கொள்வாள், சுவாமி பாவமன்னிப்புச் சொல்லிவிட்டு நன்மை கொடுத்துவிட்டுப் போவார். அது போதும் என்றுதான் அவரும் சொல்லியிருந்தார். இவளுக்கு அது போதவில்லை. பிள்ளைப் பருவத்திலிருந்து எல்லாவற்றையும் வாயால் சொல்வதுபோலச் சொல்லிப் போக வேண்டும் என்று நின்றாள்.

“எழுதிக் குடுமன், அவர் வாசிப்பார்தானே” என்றேன்.

தட்டினாள். “எழுதினால் அது கடிதம். சொன்னால்தான் பாவசங்கீர்த்தனம்” என்றாள் இந்தியாக்காரி.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு காலத்தைக் கழித்த ஒருத்திக்கு அப்படி என்ன பாவம் இருக்கப்போகிறது என்று யோசித்தேன். என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்ற பயமும் கொஞ்சம் வந்தது.

அந்த முதல் வெள்ளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது செயலி வேலை நிறுத்தம் செய்தது. திறந்தால் ஒரு பெட்டி வந்து நின்றது. கொம்பியூட்டரைப் புதுப்பித்தால்தான் இனி இது வேலை செய்யுமாம். சரி, புதுப்பி என்று அமத்தினோம். புதுப்பிக்கப் போதிய இடம் இல்லையாம். அப்படியும் ஒருமுறை அரை மனதோடு தொடங்கி, பாதி வழி போய், செய்ததையெல்லாம் திருப்பி எடுக்கிறேன் என்று சொல்லிப் பழைய இடத்திலேயே வந்து நின்றது. கந்தோரில் இந்த மேசைக்குப் போ, அந்த மேசைக்குப் போ என்று சனத்தை அலைக்கழிக்கிறவர்களை எனக்குத் தெரியும், சில வேளை நானும் அந்த மேசைகளில் ஒன்றில் இருந்திருக்கிறேன். ஆனால் ஒரு சாகக் கிடக்கிற மனுசியை அப்படி அலைக்கழிப்பதை நான் அன்றுதான் கண்டேன். அவள் திரும்பத் திரும்ப அதே விசையை அமத்தினாள். வீடு சத்தமில்லாமல் கிடந்தது.

மன்னார் ரவுணில் தெரிந்த கடை ஒன்றுக்குக் கொண்டு ஓடினேன். கடைக்காரர் திறந்து பார்த்தார்.

“அண்ணை, உள்ளுக்கு நிரம்பி வழியுது. இடம் இல்லாட்டி அப்டேட் போகாது.”

“அப்ப இடத்தைக் கூட்டிவிடுங்கோவன்.”

“இதைக் கூட்டேலாதண்ணை. உள்ளோடை சேத்து ஒட்டி வாறது.”

“இருக்கிறதைப் பென்டிரைவிலை எடுத்து வைப்பம்.”

அவர் போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டுத் துவாரத்துக்குள் அடித்துக் காட்டினார். உள்ளே பச்சையாய்க் களிம்பு பிடித்துக் கிடந்தது. “உப்புக்காத்துத் திண்டிட்டுது. ரெண்டு பக்கமும் செத்துப்போச்சு. மாத்தலாம், சாமான் கொழும்பிலை இருந்து வரவேணும்.”

“எப்ப வரும்? முதல் வெள்ளிக்குள்ளை வேணும்.”

“முதல் வெள்ளிக்கு வராதண்ணை. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா அடிச்சுத் தரட்டோ? இல்லாட்டி வீட்டிலை வைச்சு, தேவையில்லாததை நீங்களே பாத்து அழியுங்கோ.”

எல்லாவற்றையும் அழிக்க அவள் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இணையத்தில் ஏற்றி வைக்கலாம் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு படம் அனுப்பவே போனை மதிலுக்கு மேல் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். சோளகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது.

அவளைக் கதிரையில் இருத்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, பக்கத்தில் நான் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அவள் விரலால் காட்டக் காட்ட நான் அழித்தேன். பாடசாலைச் சுற்றறிக்கைகள், வாழ்த்துப் படங்கள், ஆர் எவர் என்று தெரியாத பிறந்தநாள் வீடியோக்கள், முன்பு எப்போதோ இறக்கி வைத்த செயலிகள். குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினோம். தற்காலிகக் கோப்புகள் என்று ஒரு கும்பல் இருந்தது, அதையும் கூட்டித் தள்ளினோம். ஒவ்வொரு முறையும் போய் அந்த வாசலில் நின்றால் இன்னும் போதாது என்றது. கடைசியில் பெரிய மூட்டை எது என்று தேடினேன். இரண்டு இருந்தன. ஒன்று ‘பாடங்கள்’. மற்றது ‘பூசைகள்’.

கோயில்கள் பூட்டிக் கிடந்த காலத்தில் ஞாயிறு தோறும் இணையத்தில் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். சிக்னல் விட்டுவிட்டு வருவதால் இவள் முழுவதையும் இறக்கி வைத்துவிட்டு, வீட்டில் மெழுகுதிரி கொளுத்தி வைத்து, முழந்தாளில் நின்று பார்ப்பாள். பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பாஸ்கு, திருநாள் என்று ஒன்றும் விடாமல் அப்படியே கிடந்தன. என்னைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அம்புக்குறியைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மந்திரித்த பொருள் எதையும் குப்பையில் போடமாட்டார்கள். பழைய குருத்தோலை கோயிலுக்குத் திரும்பிப்போய்ச் சாம்பலாகும். உடைந்த புனிதர் சுருபத்தை மண்ணில் தாழ்ப்பார்கள், அல்லது கடலில் விடுவார்கள். கிழிந்த செபப்புத்தகத்தை எரிப்பார்கள். என் மனைவி திருநாள் அழைப்பிதழைக்கூடக் கிழிக்க விடாமல் அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருந்தவள். இப்போது நான் கையில் பிடித்திருந்ததை எரிக்கவும் முடியாது, புதைக்கவும் முடியாது, கடலில் விடவும் முடியாது. அதற்கென்று அந்தத் திரையில் இருந்தது ஒரு குப்பைத்தொட்டி மட்டும்தான்.

“இது படமப்பா! பூசை இல்லை. பூசை அண்டைக்கே முடிஞ்சுது” என்றேன்.

அவள் கொப்பியை இழுத்து, கோணல் எழுத்தில் எழுதினாள். ‘எழுந்தேற்றம் இருக்கு.’ பூசையில் சுவாமி அப்பத்தை உயர்த்திப் பிடிக்க, ஆண்டவரே அங்கே இருக்கிறார் என்று எல்லோரும் முழந்தாளில் நிற்கும் நேரம் அது.

“ஆண்டவர் உதுக்குள்ளை குந்திக்கொண்டிருக்கிறாரோ?”

அவள் அந்த எழுத்தையே விரலால் திரும்பத் தட்டிக் காட்டினாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. “நல்லது. உம்மடை ஆண்டவருக்கு இஞ்சை இடம் இருக்கு, உமக்குத்தான் இல்லை. வெள்ளிக்கிழமை அவரோடை ஊமைப் பாஷையிலை கதையும்” என்று கத்திவிட்டு வெளியே வந்தேன்.

கரைக்குப் போனேன். கருவாடு காய்ந்துகொண்டிருந்தது, படகுகள் கரையேற்றிக் கிடந்தன, ஆட்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர் ஒருவர் “ரீச்சருக்கு எப்பிடி?” என்று கேட்டார். “பரவாயில்லை” என்றேன். பரவாயில்லையாம். நான் ஒரு மனுசியின் கடைசி ஆசைக்காகக் கொம்பியூட்டருக்குள் குப்பை பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், அதையும் அவள் செய்ய விடுகிறாளில்லை. அவளிடமிருந்து நாக்கை எடுத்த ஆண்டவர்மேல் எனக்கு வந்த கோபத்தை அந்தக் கரையில் நின்று அவரிடமே சொன்னேன். சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்குத் திரும்பியபோது அவள் அதே கதிரையில் இருந்தாள். திரை நீலமாய் இருந்தது, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. புதுப்பித்தல் நடக்கிறது, நிறுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தது. அவள் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். எனக்கு நம்ப முடியவில்லை. பூசைகளைத்தான் அழித்திருக்கிறாள், பாவம், என் வாய்க்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிறகு கரண்ட் பயம் பிடித்தது. லப்டொப்பின் பற்றரி எப்போதோ இளைத்துவிட்டது, கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். எங்கள் கரையில் வரிசையாக நிற்கிற காற்றாலைகள் இரவும் பகலும் சுழல்கின்றன, சோளகம் அடித்தால் எங்கள் வீட்டு விளக்கு அணைகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பவன் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீதம் ஏறியது, நின்றது, ஏறியது. ஒருமுறை தானே அணைந்து எழும்பியது. பின்னேரமாகும்போது பழைய படம் திரையில் வந்தது. அவள் செயலியைத் திறந்தாள். பெட்டி வரவில்லை.

“தேநீர் போட்டுத் தருவீர்களா?” என்றாள் இந்தியாக்காரி.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். பிறகுதான், “எதை அழிச்சனீர்?” என்று கேட்டேன்.

“பழைய பாடங்கள். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் மேல் வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள்.”

“அது நல்லது” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். அதற்கு மேல் நான் அதை யோசிக்கவில்லை. அவள் யோசித்தாளா என்பதும் எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சுவாமி வந்தார். வழக்கப்படி நான் முற்றத்தில் போய் நின்றேன். ஆனால் யன்னல் திறந்திருந்தது. வெளியே கேட்காமல் இருக்க அவள் ஹெட்போனைச் சுவாமியின் காதில் மாட்டிவிட்டிருந்தாள். கழுத்தில் ஊதாப் பட்டியோடு, காதில் ஹெட்போனோடு, கண்ணை மூடிக்கொண்டு அவர் இருந்தார். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டும்போது உதடுகளும் அசைந்தன. நெடுநேரம் போனது. இடையில் ஒருமுறை அவர் சிரித்ததுபோல இருந்தது, ஒருமுறை கண்ணைத் துடைத்தார். முடிந்ததும் நன்மை கொடுத்தார், சாகப்போகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயையும் பூசினார். வெளியே வந்து என் தோளில் கை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். அவளுடைய முகம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. அடுத்த முதல் வெள்ளிக்கு அவள் இருக்கவில்லை.

சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்து கொஞ்ச நாளில் மகள் பிரான்சிலிருந்து போன் எடுத்தாள். விசாச் சிக்கலால் செத்த வீட்டுக்கும் வர முடியாதவள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அங்குள்ள சொந்தங்கள் சேர்கிறார்கள், அம்மா பேசுகிற வீடியோ ஒன்று போட வேண்டும், பாட வீடியோ ஏதாவது அனுப்புங்கோ என்றாள்.

“ஓம், அனுப்பிறன்” என்று சொல்லிக்கொண்டே லப்டொப்பைத் திறந்தேன். ‘பூசைகள்’ அப்படியே இருந்தன. மற்றது இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேத்தண்ணி கேட்ட அன்று அவள் அழித்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுடைய குரல் இருந்த ஒரே இடம் அதுதான்.

வேறு எங்கும் இல்லையா என்று தேடினேன். மகளுக்கு அனுப்பிய குரல் பதிவுகள், மகள் போன் மாற்றியபோது போய்விட்டன. என் போனில் இல்லை, எனக்கு அவள் ஏன் குரல் அனுப்பப் போகிறாள், பக்கத்தில்தானே இருந்தாள். மகளின் கலியாண வீடியோவில் தாய் வாய் நிறையச் சிரித்துக் கதைக்கிறாள், வீடியோக்காரர் மேலே சினிமாப் பாட்டுப் போட்டிருக்கிறார். சத்தத்தைக் கூட்டினால் பாட்டுத்தான் கூடுகிறது.

பாடம் போன வீடுகளில் இருக்கும் என்று பாலம் கடந்து வங்காலைக்குப் போனேன். ஒரு வீட்டையும் விடவில்லை. எல்லோரும் கதிரை போட்டு இருத்தினார்கள், ரீச்சரை நினைத்து அழுதார்கள், போனைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். ஒரு போன் கடலுக்குள் விழுந்துவிட்டது. ஒன்று உடைந்துவிட்டது. ஒன்றில் வாழைப்பழத்தை வரைந்த படம் மட்டும் இருந்தது, பாடம் இல்லை. கடைசி வீட்டில் ஒரு தாய் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எங்கடை போனிலை இடம் காணாது. புதுப் பாடம் வராட்டி பழசை அழியுங்கோ எண்டு ரீச்சர்தான் சொல்லித் தந்தவ. எப்பிடி அழிக்கிறது எண்டும் ஒவ்வொருத்தருக்கும் போன் எடுத்துக் காட்டினவ.”

நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பாலத்தில் காற்று தள்ளியது. வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன்.

பூசைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எங்காவது ஓரத்தில் அவள் பாடியிருக்க மாட்டாளா என்ற நப்பாசை. கோயில் வெறுமையாக இருந்த காலத்துப் பூசைகள் அவை. சுவாமி ஆளில்லாத வாங்கு வரிசைகளைப் பார்த்துப் பேசுகிறார், தானே பதிலும் சொல்கிறார். எழுந்தேற்றம் வந்தபோது நான் முழந்தாளில் நிற்கவில்லை. அவளோடு எனக்கு இருந்த கோபம் அது. அவள்மேல் இவ்வளவு கோபம் உயிரோடு இருந்தபோதும் எனக்கு வந்ததில்லை. எனக்கென்று ஒரு வசனம், ஒரு ‘இஞ்சரப்பா’, விட்டுவைத்திருக்கலாம்.

மகளிடம் தேடுகிறேன், தேடுகிறேன் என்று நாளைக் கடத்தினேன். கடைசியில் ஒருநாள் உள்ளதைச் சொன்னேன். திரையில் மகளின் முகம் நின்றுவிட்டதோ, சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“அப்பா” என்றாள் பிறகு. “அம்மா காலமையிலை என்னை எழுப்பிற மாதிரி ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. எனக்கு ஞாபகம் வருகுதில்லை.”

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு காலையும் அந்த வீட்டில் கேட்டவன் நான். வாயைத் திறந்தேன். காதுக்குள் வந்தது அந்த இந்தியாக்காரியின் குரல், ‘எழுந்திருங்கள், நேரமாகிவிட்டது.’ அதைத் தள்ளிவிட்டு அதற்குப் பின்னால் தேடினேன். சொற்கள் வந்தன, அவளுடைய சத்தம் வரவில்லை.

மகள் அங்கே காத்துக்கொண்டிருந்தாள். “சரியப்பா, விடுங்கோ” என்றாள்.